தொகுத்தோரும் தொகுப்பித்தோரும்: இணையத் தளங்களின் பரிந்துரை நெறிமுறைகளை வெளிப்படுத்தும் கடப்பாடு பற்றிய ஒரு நோக்கு

1

தொகுப்பு என்பது தெரிவு, வரிசை ஆகிய இரு செயல்களின் விளைவாகும். எதனைச் சேர்ப்பது, எதனை விடுப்பது, சேர்த்தவற்றுள் எதனை முன்வைப்பது என்னும் வினாக்களுக்கு விடை காணாது எத்தொகுப்பும் உருவாதல் இயலாது. தமிழிலக்கிய மரபு இதனை நன்குணர்ந்திருந்தது என்பதற்கு அகநானூறு தக்க சான்றாகும். அதன்கண் ஒற்றைப்படை எண் பெற்ற செய்யுள்கள் யாவும் பாலை. இரண்டிலும் எட்டிலும் முடியும் எண்ணுடையன குறிஞ்சி. நான்கில் முடிவன முல்லை. ஆறில் முடிவன மருதம். பத்து, இருபது என வருவன நெய்தல். இவ்வொழுங்கு வாசகருக்குப் புலப்பட நிற்கின்றது. ஆதலின் பாலைக்கு 200 செய்யுள்களும், குறிஞ்சிக்கு 80 செய்யுள்களும், ஏனைய மூன்று திணைகளுக்கும் நாற்பது நாற்பதாக 120 செய்யுள்களும் கிடைத்துள்ளன என்பதை எவரும் கணக்கிட்டறியலாம். பிரிவைப் பாடும் திணைக்குத் தொகுப்பின் சரிபாதி ஏன் ஒதுக்கப்பட்டது என்ற வினாவை எழுப்பி, அதற்குச் சமூக வரலாற்றிலே காரணம் தேடவும் ஆய்வாளருக்கு வாய்ப்புண்டு.

இதனோடு தொடர்புடைய பிறிதொரு செய்தியும் மனங்கொள்ளத்தக்கது. அகநானூற்றைத் தொகுத்தவர் உருத்திரசன்மர் என்றும், தொகுப்பித்தவன் பாண்டியன் உக்கிரப்பெருவழுதி என்றும் மரபு இருவரையும் வேறுபடுத்திக் கூறுகின்றது. புலமையுழைப்பு ஒருவருடையது, அவ்வுழைப்பை ஏவிய பொருள்வளமும் அதிகாரமும் மற்றவருடையன. தொகுப்பொன்றை மதிப்பிடுவோர் இவ்விருவரையும் சேர்த்தே நோக்குதல் வேண்டும் என்னும் உணர்வு இப்பாகுபாட்டிலே உறைந்துள்ளது எனலாம்.

இன்று உலகிலே மிகப் பெருந்தொகையான மக்கள் நாள்தோறும் படிக்கும் தொகுப்புக்களை எப்புலவரும் தொகுப்பதில்லை. பேஸ்புக், யூரியூப், ரிக்ரொக், டுவிற்றர் என முன்னர் வழங்கிய எக்ஸ் முதலிய தளங்களிலே, ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு தொகுப்பு கணத்துக்குக் கணம் உருவாக்கப்படுகின்றது. இதனைச் செய்வது அல்கோரிதம் எனப்படும் கணிப்பு நெறிமுறையாகும். அந்நெறிமுறை எவ்வாறு தெரிகின்றது, எதனை அடிப்படையாகக் கொண்டு வரிசைப்படுத்துகின்றது என்பன வாசகருக்கு அறிவிக்கப்படல் வேண்டுமா என்பதே இக்கட்டுரை ஆராயும் வினா. தொழில்நுட்பவியலாருக்கும் சட்டவறிஞருக்கும் மட்டும் உரிய வினா இது அன்று. எழுத்து எவ்வாறு வாசகரைச் சென்றடைகின்றது என்பதில் அக்கறை கொண்ட திறனாய்வாளர் அனைவருக்கும் இது உரியதே.

2

முதற்கண் இந்நெறிமுறைகளின் இயல்பைச் சுருக்கமாக நோக்குவோம். ஒருவர் தமது பக்கத்தைத் திறந்ததும், அவருக்குக் காட்டத்தக்க ஆயிரக்கணக்கான பதிவுகள் முதலிலே திரட்டப்படுகின்றன. அடுத்து, அவற்றுள் ஒவ்வொன்றையும் அவர் விரும்புவாரா, அதற்கு மறுமொழி எழுதுவாரா, அதனைப் பிறருடன் பகிர்வாரா, எவ்வளவு நேரம் பார்ப்பார் என்பன அவருடைய கடந்தகால நடத்தையைக் கொண்டு ஊகிக்கப்படுகின்றன. இறுதியாக, இவ்வூகங்கள் ஒவ்வொன்றும் ஒரு குறித்த எண்ணாற் பெருக்கப்பட்டுக் கூட்டப்படுகின்றன. கூட்டுத்தொகை மிகுந்தது மேலே வரும். குறைந்தது கீழே மறையும்.

இம்மூன்று படிகளுள் முதலிரண்டும் பெரும்பாலும் கணிதத்தின்பாற்பட்டவை. மூன்றாவது அத்தகையதன்று. எந்த எண்ணாற் பெருக்குவது என்பதை எக்கணிதமும் விதித்துவிடாது. அது விழுமியம் பற்றிய தீர்ப்பு. பத்திரிகை ஆசிரியர் ஒருவர் முதற்பக்கச் செய்தியைத் தெரிவு செய்வதை ஒத்த தீர்ப்பு. யூரியூப் 2012ஆம் ஆண்டிலே, எத்தனை பேர் பார்வையிட்டனர் என்பதை விடுத்து எவ்வளவு நேரம் பார்த்தனர் என்பதை முதன்மை அளவுகோலாகக் கொண்டது. 2018ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அந்நிறுவனத்தின் உயர் அலுவலர் ஒருவர், அத்தளத்திலே செலவிடப்படும் நேரத்தில் நூற்றுக்கு எழுபதுக்கும் மேற்பட்ட பங்கு பரிந்துரைகளால் விளைவதென வெளிப்படையாகவே கூறினார். பார்வையாளரின் நேரம் விளம்பரதாரருக்கு விற்கப்படும் பண்டமாதலின், அந்நேரத்தை நீட்டிக்கும் தொகுப்பே சிறந்த தொகுப்பு எனக் கருதப்பட்டமை வியப்புக்குரியதன்று.

பேஸ்புக்கின் வரலாறு இதனினும் தெளிவானது. 2017ஆம் ஆண்டிலே அன்பு, சிரிப்பு, வியப்பு, துயரம், சினம் ஆகிய உணர்ச்சிக் குறிகள் ஒவ்வொன்றுக்கும், வெறும் விருப்பக் குறியைக் காட்டிலும் ஐந்து மடங்கு பெறுமதி வழங்கப்பட்டது. ஒரு பதிவு பலரைச் சினங்கொள்ளச் செய்யின், பலரை மகிழ்விக்கும் பதிவைவிட அது மேலும் பரவுதற்கு இவ்வேற்பாடு வழிகோலிற்று. பின்னர் இப்பெறுமதி படிப்படியாகக் குறைக்கப்பட்டு, 2020ஆம் ஆண்டு செப்டெம்பரிலே சினக்குறியின் பெறுமதி பூச்சியமாக்கப்பட்டது. இவ்விவரங்களை உலகம் அறிந்தது நிறுவனத்தின் அறிவித்தலால் அன்று. அங்கு பணியாற்றிய பிரான்செஸ் ஹோகன் வெளிக்கொணர்ந்த உள்ளக ஆவணங்கள் வாயிலாக 2021ஆம் ஆண்டிலேயே அவை அறியப்பட்டன. மூன்றாண்டுகளாகக் கோடிக்கணக்கான மக்களின் வாசிப்பை நெறிப்படுத்திய ஓர் எண், ஓர் ஊழியரின் மனச்சான்று காரணமாகவே வெளிப்பட்டது என்பது சிந்தனைக்குரியது.

3

இப்பிரச்சினை எமக்கு மிக அண்மையது. 2017ஆம் ஆண்டு ஒக்டோபரில் பேஸ்புக் நிறுவனம் ஆறு நாடுகளிலே ஒரு பரிசோதனையை மேற்கொண்டது. பத்திரிகைகளும் ஏனைய நிறுவனங்களும் வெளியிடும் பதிவுகள், கட்டணம் செலுத்தி முன்னிறுத்தப்பட்டாலன்றி, வழமையான செய்தி வரிசையினின்றும் அகற்றப்பட்டுத் தனியானதோர் இடத்துக்கு மாற்றப்பட்டன. பொலிவியா, குவாத்தமாலா, சேர்பியா, சிலோவாக்கியா, கம்போடியா என்பனவற்றோடு இலங்கையும் அந்த ஆறு நாடுகளுள் ஒன்றாகும். செய்தி நிறுவனங்களின் பதிவுகள் மக்களைச் சென்றடையும் அளவு குன்றியமை குறித்து இந்நாடுகளின் பத்திரிகையாளர் முறையிட்டனர். 2018 மார்ச் முதலாந் திகதி பரிசோதனை கைவிடப்பட்டது. மக்கள் இதனை விரும்பவில்லை என நிறுவனம் காரணம் கூறிற்று. இந்நாட்டு மக்களிடம் முன்கூட்டியே இசைவு கோரப்படவில்லை. இலங்கை ஓர் ஆய்வுகூடமாக்கப்பட்டது. ஆனால் அவ்வாய்வின் பேறுகள் இந்நாட்டவர் பரிசீலிக்கத்தக்க வகையில் வெளியிடப்படவில்லை.

அதே ஆண்டு ஜனவரியிலே உலகளாவிய மற்றுமொரு மாற்றமும் அறிவிக்கப்பட்டிருந்தது. நண்பர்களுக்கும் உறவினர்க்கும் இடையிலான ஊடாட்டத்தை மிகுவிக்கும் பதிவுகளுக்கே இனி முதன்மை என்பது அம்மாற்றத்தின் சாரம். இவ்விரண்டும் நிகழ்ந்த காலப்பகுதியிலேயே, 2018 மார்ச் முதல்வாரத்தில், கண்டி மாவட்டத்தின் திகன, தெல்தெனிய முதலிய இடங்களில் முஸ்லிம் மக்களுக்கு எதிரான வன்செயல்கள் வெடித்தன. மார்ச் 6ஆம் திகதி அவசரகால நிலை பிரகடனம் செய்யப்பட்டது; மறுநாள் சமூகத் தளங்கள் முடக்கப்பட்டன. பேஸ்புக் தானே அமர்த்திய மனித உரிமை மதிப்பீட்டாளர்களின் அறிக்கை 2020 மே மாதம் வெளியானபோது, தனது தளத்திலே பரவிய வெறுப்புரையும் வதந்திகளும் வன்செயலுக்குத் துணைபோயிருக்கக்கூடும் என்பதை ஏற்று அந்நிறுவனம் வருத்தம் தெரிவித்தது.

இங்கு நாம் அவதானத்துடன் நடத்தல் வேண்டும். வரிசை நெறிமுறையில் ஏற்பட்ட மாற்றங்களே திகன வன்செயலுக்குக் காரணம் எனக் கூறுவது ஆய்வு நெறிக்கு ஒவ்வாதது. இனவாதத்துக்கு இந்நாட்டிலே நீண்ட வரலாறும் ஆழமான சமூக பொருளாதார வேர்களும் உண்டு. 1915ஆம் ஆண்டின் கலவரத்துக்கும் 1983ஆம் ஆண்டின் கொடுமைகளுக்கும் எக்கணினியும் தேவைப்படவில்லை. எனினும் வரலாற்றாசிரியர் ஒருவர் 1915ஐ ஆராயப் புகும்போது அக்காலப் பத்திரிகைகளைப் புரட்டி, எச்செய்தி எப்பக்கத்தில் எவ்வளவு பெரிதாக அச்சிடப்பட்டது எனக் காணவியலும். 2018 மார்ச் 5ஆம் திகதி கண்டியிலே ஒருவரின் கைத்தொலைபேசித் திரையில் எப்பதிவு முதலாவதாகத் தோன்றியது, எதனால் தோன்றியது என்பதைப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர் எவரும் காணவியலாது. பத்திரிகையின் பழைய இதழ் நூலகத்திலே கிடைக்கும். ஆனால் திரையின் தொகுப்பு தோன்றிய கணத்திலேயே மறைகின்றது. அதன் தடயம் தொகுப்பித்தோரிடம் மட்டுமே எஞ்சுகின்றது. ஒரு சமூகத்தின் வரலாற்று மூலங்கள் தனியார் உடைமையாகிவிட்டன என்பதே இதன் பொருள்.

4

வெளிப்படுத்தலுக்கு எதிராக நிறுவனங்கள் முன்வைக்கும் வாதங்கள் மூன்றாகும். அவற்றை ஒன்றன்பின் ஒன்றாகப் பரிசீலிப்போம்.

முதலாவது, நெறிமுறை வணிக இரகசியம் என்பது. இதற்கு விடை கூற ஐக்கிய அமெரிக்காவின் விமானசேவை வரலாறே போதுமானது. அமெரிக்கன் ஏயர்லைன்ஸ் நிறுவனத்தின் சேபர், யுனைற்றெட் ஏயர்லைன்ஸ் நிறுவனத்தின் அப்பலோ என்னும் கணினிப் பதிவுமுறைகள் 1970களின் பிற்பகுதி முதல் பிரயாண முகவர்களின் அலுவலகங்களிலே நிறுவப்பட்டன. முகவர் பெரும்பாலும் திரையின் முதற்பக்கத்தில் தோன்றும் விமானங்களையே பதிவு செய்தனர். ஆதலின் திரையை உடைமையாகக் கொண்ட நிறுவனம் தன் விமானங்களை முன்னும் போட்டியாளரின் விமானங்களைப் பின்னும் வைத்தது. இதனை விசாரித்த சிவில் விமானப் போக்குவரத்துச் சபை 1984ஆம் ஆண்டிலே விதிகளை ஆக்கிற்று. திரையில் எந்நிறுவனத்துக்கும் சலுகை காட்டலாகாது. வரிசைப்படுத்தும் அடிப்படைகளைக் கேட்போர்க்கு வெளிப்படுத்தல் வேண்டும் என்பன அவ்விதிகளின் சாரம். தடையற்ற வாணிபத்தின் தாயகம் எனத் தன்னைக் கூறிக்கொள்ளும் நாடு, விமானச் சீட்டின் பொருட்டு வணிக இரகசியத்தைத் திறக்கச் செய்தது. ஒரு நாட்டின் பொதுக் கருத்தினும் விமானச் சீட்டு பெறுமதி வாய்ந்தது என வாதிப்போர் உளரோ?

இரண்டாவது வாதம், விதிகள் வெளிப்படின் கயவர் அவற்றைப் பயன்படுத்தித் தம் பதிவுகளை மேலேற்றுவர் என்பது. இதனை முற்றாகப் புறக்கணித்தல் நேர்மையாகாது. கூகிள் தேடுபொறியின் அடிப்படையான இணைப்புக் கணிப்பு முறையை அதன் ஆக்கியோர் 1998ஆம் ஆண்டிலே ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டனர். அதன்பின் அம்முறையை ஏமாற்றுதற்கெனவே போலி இணைப்புக்களை உற்பத்தி செய்யும் தொழிலொன்று வளர்ந்தது. எனினும் அத்தொழிலின் அனுபவம் வேறொன்றையும் உணர்த்துகின்றது. பணமும் ஆளணியும் படைத்தோர் ஆயிரம் பதிவுகளை இட்டுப் பார்த்து, வெளியிடப்படாத விதிகளையும் அனுமானித்துவிடுகின்றனர். அங்ஙனம் செய்யவியலாதோர் சாதாரண வாசகரும், சிறு பத்திரிகை நடத்துவோரும், ஆய்வாளருமே. ஆகவே இரகசியம் கயவரிடமிருந்து மக்களைக் காப்பதிலும், மக்களிடமிருந்து விதிகளைக் காப்பதிலேயே பெரிதும் வெற்றி பெற்றுள்ளது. நுண்ணிய பாதுகாப்பு விவரங்கள் சிலவற்றை மறைத்து வைக்கும் நியாயம், அடிப்படை நோக்கங்களை மறைப்பதற்கு நியாயமாகாது.

மூன்றாவது வாதமே ஆழமானது. இந்நெறிமுறைகள் தாமாகக் கற்கும் பொறிகளாதலின், அவற்றை ஆக்கியோரும் முழுமையாக விளங்கிக்கொள்ளவில்லை. விளங்காததை எங்ஙனம் வெளிப்படுத்துவது என்பது அவ்வாதம். டுவிற்றர் நிறுவனத்தின் ஆய்வாளர் 2021ஆம் ஆண்டிலே ஏழு நாடுகளின் அரசியல் பதிவுகளை ஆராய்ந்து, ஜேர்மனி தவிர்ந்த ஆறு நாடுகளில் வலதுசாரிக் கட்சியினரின் பதிவுகளுக்கு நெறிமுறை கூடுதலான பரவலை அளித்ததெனக் கண்டனர். அதன் காரணத்தை அவர்களால் நிறுவ இயலவில்லை. எனினும் இச்செய்தி வெளிப்படுத்தலுக்கு எதிரான சான்றாகுமா? காரணம் அறியப்படாதபோதும் விளைவு அளக்கப்பட்டது என்பதையே இது காட்டுகின்றது. ஒரு மருந்து உடலில் எவ்வாறு தொழிற்படுகின்றது என்பது முற்றும் விளங்காதவிடத்தும், அதன் விளைவுகளைச் சோதித்து அறிவித்த பின்னரே அதனை விற்க அனுமதிக்கின்றோம்.

இதே நிறுவனம் கைமாறிய பின்னர், 2023 மார்ச் 31ஆம் திகதி தனது பரிந்துரை நெறிமுறையின் மூலநிரலை உலகறிய வெளியிட்டது. விருப்பக் குறிக்கு 0.5, மறுமொழிக்கு 13.5, மறுமொழிக்குப் பதிவாளர் மீள விடையளிப்பின் 75 எனப் பெருக்கெண்களும் உடன் தெரியவந்தன. உரையாடலைத் தூண்டுவது, அது வாக்குவாதமாயினும், விரும்பப்படுவதைவிடப் பன்மடங்கு பெறுமதி உடையது என்பதை இவ்வெண்கள் எவருக்கும் உணர்த்தும். பதிவாளர் நிறுவனத்தின் உரிமையாளரான ஈலோன் மஸ்க்கா என்பதைத் தனியே குறித்துக்கொள்ளும் வரியொன்றும் அந்நிரலிலே காணப்பட்டது. சுட்டிக்காட்டப்பட்டதும் அது நீக்கப்பட்டது. தொகுப்பித்தோனின் பெயர் தொகுப்பின் உள்ளேயே பொறிக்கப்பட்டிருந்தமை இங்ஙனம் வெளிப்பட்டது. ஆயின் பொறி எத்தரவுகளைக் கொண்டு பயிற்றப்பட்டது என்பதும், பயிற்சியாற் பெற்ற பெறுமானங்களும் வெளியிடப்படவில்லை. மேலும், அதே ஆண்டிலேயே ஆய்வாளர் இலவசமாகத் தரவு பெறும் வாயிலும் அடைக்கப்பட்டது. இலக்கண நூலைக் கையளித்துவிட்டு இலக்கியத்தைப் பூட்டி வைத்தமைக்கு இச்செயல் ஒப்பாகும். மெற்றா நிறுவனமும், தன் தளங்களில் எது பரவுகின்றது என்பதைப் பத்திரிகையாளர் அறிய உதவிய கிரவுட்ராங்கிள் என்னும் கருவியை 2024 ஓகஸ்டிலே நிறுத்திவிட்டது.

5

மேற்குறித்தவற்றிலிருந்து, வெளிப்படுத்தல் வேண்டுமா என்ற வினா எதனை, யாருக்கு வெளிப்படுத்துவது என்ற வினாவாக மாறுவதைக் காணலாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2022ஆம் ஆண்டு டிஜிற்றல் சேவைகள் சட்டம் இதற்கு ஓரளவு விடை தருகின்றது. பரிந்துரையின் முதன்மையான அடிப்படைகளையும் அவற்றின் ஒப்பீட்டு முக்கியத்துவத்தையும் தளங்கள் எளிய மொழியில் அறிவித்தல் வேண்டும். ஒன்றியத்தில் 4.5 கோடிக்கு மேற்பட்ட பயனாளரைக் கொண்ட பெருந்தளங்கள், தனியாள் விவரத்தைச் சாராத வரிசை ஒன்றையேனும் தெரிவாக வழங்குதல் வேண்டும். தகுதி பெற்ற ஆய்வாளருக்குத் தரவுகளைத் திறந்துவிடுதலும் வேண்டும். 2025 டிசெம்பரிலே எக்ஸ் நிறுவனத்துக்கு விதிக்கப்பட்ட 12 கோடி யூரோ தண்டத்துக்கான காரணங்களுள் ஆய்வாளருக்குத் தரவு மறுத்தமையும் ஒன்றாகும்.

சீனாவின் விதிகள் 2022 மார்ச் முதலாந் திகதி நடைமுறைக்கு வந்தன. அங்கு நெறிமுறைகள் அரசாங்க அதிகாரபீடத்தில் பதியப்படல் வேண்டும். பொதுமக்களுக்குக் கிடைப்பது சுருக்கமான விவரணமே. அரசுக்கு வெளிப்படுத்தலும் மக்களுக்கு வெளிப்படுத்தலும் ஒன்றல்ல என்பதற்கு இஃது எடுத்துக்காட்டாகும். இரகசியத்தின் உடைமை கம்பனியிடமிருந்து அரசுக்கு விரிவதால் மட்டும் வாசகர் விடுதலை பெறுவதில்லை.

இலங்கையில் 2024 ஜனவரியிலே நிறைவேற்றப்பட்ட நிகழ்நிலைக் காப்புச் சட்டம் பிறிதொரு பாதையிற் சென்றது. ஐவரைக் கொண்ட ஆணைக்குழு ஒன்றை நிறுவி, தடைசெய்யப்பட்ட கூற்றுக்களை வரையறுத்து, அவற்றை வெளியிடுவோரைத் தண்டிப்பதிலேயே அதன் கவனம் குவிந்துள்ளது. பத்துப் பேர் படிக்க எழுதப்பட்ட ஒரு பதிவைப் பத்து இலட்சம் பேரிடம் கொண்டுசென்ற வரிசையொழுங்கு அதன் கண்ணிற் படவில்லை. எழுதியவரைச் சிறையிடலாம், பரப்பிய பொறியின் பெருக்கெண்ணைக் கேட்டறிய இயலாது. கருத்துச் சுதந்திரத்துக்கு ஊறு விளைக்காமலும் தீங்கைக் கட்டுப்படுத்தவல்ல வழி, பேச்சைத் தடைசெய்வதிலும் பரப்பும் முறையைத் திறந்து காட்டுவதிலேயே உள்ளது என்பது எமது துணிபு.

எனவே கோரத்தக்கவை இவையெனத் தொகுத்துக் கூறலாம். நெறிமுறை எந்நோக்கை எய்த அமைக்கப்பட்டது என்பதும் முதன்மையான பெருக்கெண்களும் எல்லோர்க்கும் அறிவிக்கப்படல் வேண்டும். அவை மாற்றப்படும்போது திகதியும் காரணமும் பதிவு செய்யப்பட்டுப் பேணப்படல் வேண்டும். ஒரு நாட்டிலே பரிசோதனை நிகழ்த்தப்படின் அந்நாட்டு மக்கள் அதனை அறிதல் வேண்டும். தனியாரின் அந்தரங்கத்துக்குக் குந்தகமின்றி, எது எவ்வளவு பரவியது என்னும் தரவுகள் சுயாதீனமான ஆய்வாளருக்குக் கிடைத்தல் வேண்டும். மொழி பற்றிய விவரமும் இவற்றோடு சேர்தல் வேண்டும். ஐரோப்பியச் சட்டத்தின்கீழ், உள்ளடக்கத்தைச் சீர்பார்க்கும் பணியாளர் எத்தனை பேர் என்பதைப் பெருந்தளங்கள் ஒன்றியத்தின் உத்தியோக மொழிவாரியாக அறிவிக்கின்றன. சிங்களத்துக்கும் தமிழுக்கும் அத்தகைய கணக்கைக் கேட்க இந்நாட்டிலே சட்டபூர்வமான ஏற்பாடு வேண்டும்.

6

வெளிப்படுத்தலே சர்வரோக நிவாரணி என நாம் கருதவில்லை. 2020ஆம் ஆண்டின் அமெரிக்கத் தேர்தற் காலத்திலே, பேஸ்புக், இன்ஸ்ரகிராம் பயனாளர் சிலருக்கு நெறிமுறை வரிசைக்குப் பதிலாகக் கால வரிசையை அளித்து ஆய்வொன்று நிகழ்த்தப்பட்டது. 2023இல் வெளியான அதன் முடிவு, மூன்று மாதங்களில் மக்களின் அரசியல் மனப்பாங்கிலே குறிப்பிடத்தக்க மாற்றம் ஏற்படவில்லை என்பதாகும்; நம்பத்தகாத செய்தி மூலங்கள் கால வரிசையில் சற்று மிகுந்தும் காணப்பட்டன. நெறிமுறையைக் குற்றவாளியாக்கிவிட்டுச் சமூகத்தை விடுவிப்போர்க்கு இம்முடிவு தக்க எச்சரிக்கையாகும். ஆயின் 2024ஆம் ஆண்டிலே வேறு ஆய்வாளர் சுட்டிக்காட்டியது போன்று, அவ்வாய்வு நிகழ்ந்த காலத்திலேயே நிறுவனம் தேர்தலை முன்னிட்டு நெறிமுறையில் அவசர மாற்றங்களைச் செய்திருந்தது. ஆகவே ஒப்பிடப்பட்டது வழமையான நெறிமுறை தானா என்பதே ஐயத்துக்கிடமாயிற்று. நெறிமுறை தீங்கற்றது என நிறுவுதற்கும் வெளிப்படுத்தல் இன்றியமையாதது என்பதை இதனினும் தெளிவாக உணர்த்தவல்ல சான்று வேறில்லை.

பத்திரிகைகளை முதலாளிகள் உடைமையாகக் கொண்டிருந்த காலத்திலே, அவற்றின் வர்க்கச் சார்பை முற்போக்குத் திறனாய்வு அம்பலப்படுத்தியது. அதற்கு வேண்டிய சான்று அச்சிட்ட தாளிலேயே இருந்தது. இன்று உடைமையின் இயல்பு மாறவில்லை. சான்று மட்டும் மறைக்கப்பட்டுள்ளது. அதனைப் பெறுவதால் உடைமையுறவு தானாக மாறிவிடாது என்பது உண்மையே. ஆனால் தாம் படிப்பது தொகுக்கப்பட்டது என்பதையும், யார் எதன்பொருட்டு அதனைத் தொகுப்பித்தனர் என்பதையும் அறியாத மக்கள், அவ்வுறவை மாற்றும் வினாவை எழுப்பப் போவதுமில்லை. இதனைக் கோரும் பொறுப்பு பாராளுமன்றத்துக்கு மட்டும் உரியதன்று. பல்கலைக்கழகங்களின் தமிழ், சிங்கள, கணினித் துறைகள் ஒருங்கிணைந்து, இவ்விரு மொழிகளிலும் தளங்களில் எது பரவுகின்றது என்பதை ஆண்டுதோறும் அளந்து வெளியிடும் பணியை மேற்கொள்ளுமாயின், அக்கோரிக்கைக்கு உறுதியான அடித்தளம் அமையும்.